பழைய பிஎஸ்2-வ கம்ப்யூட்டர் மானிட்டர்ல மாட்டுறது எப்படி (ஜிபிஎஸ் 8200 போர்டு வச்சு)

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நெறைய வீட்டு மச்சுல ஒரு பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2, டிவில மாட்டுற வீடியோ கேம் செட்டு) கெடக்கும், கல்ஃப்ல இருந்து லீவுக்கு வந்த மாமாவோ சித்தப்பாவோ கொண்டு வந்தது. செட்டு நல்லாதான் இருக்கும், குண்டு டிவியதான் எப்பவோ ஆக்கர் கடைல போட்டாச்சு. புது டிவி பலதுல மஞ்ச வயர் சொருவவே எடமில்ல. ஆனா ஆபீஸ்ல கழிச்சு போட்ட விஜிஏ மானிட்டர் (பழைய கம்ப்யூட்டர்ல உள்ள 15 பின் சொருவுறது) ஒண்ணு தேடுனா மலிவா கெடைக்கும், அதுல மாட்டுறதுதான் இன்னைக்கு வேல.

வயர மட்டும் மாத்துற கன்வெர்ட்டர் எதயும் வாங்கிராதீங்க மக்கா. பிஎஸ்2 சாதாரணமா அனுப்புறது 480ஐ, இல்லேன்னா 576ஐ (ஐ-ன்னா ஒரு கோடு விட்டு ஒரு கோடா வரையுறது), கிடைமட்ட வேகம், அதாவது செகண்டுக்கு வரையுற கோடு, ஏறக்கொறைய 15 கிலோஹெர்ட்ஸ். விஜிஏ மானிட்டர் பெரும்பாலும் 31-க்கு கீழ எடுக்காது. நடுவுல சிக்னல மாத்தி எழுத ஒரு ஸ்கேலர் வேணும், அதுல கொறஞ்ச வெலைக்கு வர்றது ஜிபிஎஸ் 8200 (GBS, வழி காட்டுற ஜிபிஎஸ் இல்ல). பொட்டி ஒண்ணும் இருக்காது, மொட்ட போர்டாதான் வரும்.

வேற என்ன வேணும்னா, பிஎஸ்2 காம்போனென்ட் கேபிள் (படத்த பச்ச, நீலம், செவப்புன்னு மூணு வயரா பிரிச்சு அனுப்புறது; பிஎஸ்3 கேபிளும் அதே சாக்கெட்தான், தாராளமா வாங்கலாம்), விஜிஏ வயர், ஸ்பீக்கர், 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர். வைஃபை ரவுட்டர் அடாப்டர் முனை சரியா பொருந்துதேன்னு மாட்டிராதீங்க, அது பலதும் 12 வோல்ட். போர்டுல 5 வோல்ட்னு போட்டிருந்தா 5 வோல்ட்தான்.

கேபிள் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேல இருக்கு. மஞ்ச வயர் எடுக்குற டிவி யார் வீட்லயாவது இருந்தா அங்க கொண்டு போய், டிஸ்க் போடாம ஆன் பண்ணி, சிஸ்டம் கான்ஃபிகரேஷன் உள்ள போயி காம்போனென்ட் வீடியோ அவுட்ங்கறத பாருங்க. ஆர்ஜிபின்னு இருந்தா ஒய் சிபி சிஆர்னு இருக்கறதுக்கு மாத்திருங்க. இத விட்டுட்டு வந்தா படம் நிக்காது, போர்டு போச்சுன்னு நெனச்சு திருப்பி அனுப்பிருவீங்க.

இனி கேபிள், எல்லாரும் கெடந்து முழிக்கிறது இங்கதான். போர்டுல பச்ச, நீலம், செவப்புன்னு மூணு சாக்கெட் இருக்கும். செட்டோட வந்த பழைய மஞ்ச வெள்ள செவப்பு வயர அதுல சொருவுனா ஒண்ணும் வராது, இந்த போர்டு மஞ்ச வயர் சிக்னல எடுக்கவே எடுக்காது. காம்போனென்ட் கேபிள்ல அஞ்சு முனை, அதுல செவப்பு ரெண்டு! ஒண்ணு படத்துக்கு, ஒண்ணு சத்தத்துக்கு. நல்ல கேபிள்னா படத்துக்கு உள்ள மூணும் ஒரு கட்டா பிரியும், சத்தத்துக்கு உள்ள செவப்பும் வெள்ளையும் தனியா பிரியும். மட்டமான கேபிள்ல அஞ்சும் ஒரே எடத்துல இருந்து பிரிஞ்சு நிக்கும், எது எதுன்னு தெரியாது. அப்ப ஒரு செவப்ப ஸ்பீக்கர்ல கொடுத்து பாருங்க, பாட்டு தெளிவா வந்தா அது சத்தம், உர்ர்ர்னு உறுமுனா அது படம்.

மொதல்ல பச்சைய மட்டும் சொருவுங்க. வெளிச்சம் மொத்தமும் அதுலதான் வருது, அதனால கிட்டத்தட்ட கருப்பு வெள்ளையா படம் தெரியணும். தெரிஞ்சா செட்டிங், போர்டு, மானிட்டர் எல்லாம் சரின்னு அர்த்தம், பெறவு நீலமும் செவப்பும் போட்டா கலர் வந்துரும். மூஞ்சியெல்லாம் கன்னாபின்னான்னு கலர் மாறி தெரிஞ்சா அந்த ரெண்டும் எடம் மாறிருக்கு.

மானிட்டர் வயர போர்டுல அவுட்னு எழுதுன விஜிஏல போடுங்க. மெனுல ரெசல்யூஷன 1024x768 வச்சா போதும். விஜிஏல சத்தம் போவாது, ஸ்பீக்கர் தனியாதான்.

படம் குண்டு டிவி மாதிரி இருக்காது, ஆளு ஓடும்போது ஓரத்துல சீப்புப்பல்லு மாதிரி கொஞ்சம் கோடு தெரியும். சில என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் வகை) கேம்ல தொடங்கும்போ முக்கோணமும் எக்ஸும் சேத்து அமுக்கி பிடிச்சா 480பி (எல்லா கோடும் ஒண்ணா வரையுறது) வேணுமான்னு கேக்கும், அதுக்கு ஆமான்னு கொடுத்தா அந்த தொல்லையும் இல்ல. பிஎஸ்1 டிஸ்க் போட்டா வர்றது 240பி, அத இந்த போர்டு 480ஐன்னு நெனச்சு கொழப்பும். சால்டரிங் தெரிஞ்சவங்க இஎஸ்பி8266-ங்கற குட்டி வைஃபை போர்டு ஒண்ணு வாங்கி ஜிபிஎஸ் கன்ட்ரோல்ங்கற இலவச ஃபர்ம்வேர் ஏத்துங்க, அதே போர்டு வேற ஆளா மாறிரும், செட்டிங்கெல்லாம் போன்லயே வைஃபைல மாத்தலாம். எனக்கு போர்டு வந்தபடியே ஸ்டாக்கா வச்சு வெளையாட இஷ்டமே இல்ல, ஆனா மொத நாளே சால்டரிங் இரும்ப தூக்காதீங்க.

பின்சேர்ப்பு: குளச்சல்ல இருந்து ஒரு தம்பி, நல்லா ஓடிட்டு இருந்தது இப்ப கலர் வந்து வந்து போவுதுன்னான். கடக்காத்துதான். சாக்கெட்டுக்கு உள்ள டார்ச் அடிச்சு பாத்தா பச்சையா களிம்பு பிடிச்சிருக்கும், கரண்ட பிடுங்கிட்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸ் வச்சு தொடைங்க, மொட்ட போர்டுக்கு ஒரு மூடி போட்ட டப்பாவும் பாத்துக்கிடுங்க, காத்து போவ ரெண்டு ஓட்ட போட்டு.

இன்னொண்ணு, கேசட் போடுற பழைய டிவி கேமுக்கு இது ஆவுமான்னு கேக்குறாங்க. ஆவாது, அதுல படத்துக்கு பெரும்பாலும் மஞ்ச வயர்தான். அதுக்கு ஏவி டு எச்டிஎம்ஐ பொட்டிதான் வழி. பட்டன் அமுக்குனா ஆளு கொஞ்சம் தாமசிச்சுதான் குதிப்பான், பொறுத்துக்கிடணும்.