நாரில் மின்சாரம் ஓட வேண்டுமா? கழுவுவதைக் கவனியுங்கள்

தென்னந்தும்பு, வாழைநார் மேல் பாலிஅனிலின் என்ற மின்சாரம் கடத்தும் பாலிமரைப் பூசி மின்கடத்தியாக்குவது கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்குத் தோதான பிராஜெக்ட். நாருக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் காலை வாரிவிடுவது பெரும்பாலும் பாலிமர் அல்ல, நாரைக் கழுவுவதும் உலர்த்துவதும்தான்.

மணக்குடிக் காயல் போன்ற உப்புத்தண்ணீரில் கதம்பையை (தேங்காய் மட்டையை) அழுகப்போட்டு அடித்தெடுத்த தும்பில் உப்பு தங்கியிருக்கலாம். கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், பூச்சே இல்லாமல் மல்டிமீட்டர் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன? பூசாத நாரையும் அதே மாதிரி உலர்த்தி, அதே நாளில் அளந்து பக்கத்தில் வையுங்கள்.

தும்பின் மேலுள்ள மெழுகை நீக்க 5% காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பது வழக்கம். சரி. அதன் பிறகு காரம் போகும்வரை அலசாமல் விடுவதுதான் பெரிய தவறு. பாலிஅனிலின் அமிலம் ஏறிய பச்சை நிலையில்தான் மின்சாரத்தைக் கடத்தும். காரம் பட்டால் நீலமாகிக் கடத்தாமல் போய்விடும். கடைசியில் சோப்புப் போட்டு அலசினாலும் இதே கதிதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசுங்கள். அதற்காக அடர் அமிலத்தில் மணிக்கணக்கில் போட்டுவைத்தால் செல்லுலோஸ் சிதைந்து நார் பொடிந்துபோகும்.

நாரை முதலில் அனிலின் கலந்த அமிலக் கரைசலில் நன்றாக ஊறவிடுங்கள். அப்புறம் பாத்திரத்தை ஐஸில் வைத்து, 0 முதல் 5 டிகிரி செல்சியஸுக்குள், அனிலினைப் பாலிஅனிலினாக மாற்றும் அம்மோனியம் பெர்சல்ஃபேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் பாலிமர் பீக்கரிலேயே தூளாகிவிடும், நாரில் ஒட்டுவது கொஞ்சம்தான். தடிமனாகப் பூசினால் நல்லது என்று திரும்பத் திரும்ப முக்குவதும் வேண்டாம். நாரை வளைத்தால் பூச்சு வெடித்து உதிரும்.

வீட்டு அடுக்களையில் இதைச் செய்யவே கூடாது. அனிலின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போய், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். கையுறை போட்டு, ஆய்வகத்தில் புகை வெளியேற்றும் பெட்டிக்குள் (ஃபியூம் ஹுட்) வைத்துச் செய்யுங்கள். மிச்சக் கரைசலைக் குளத்திலோ காயலிலோ ஊற்றாதீர்கள்.

அளக்கும்போது மல்டிமீட்டர் முனையை நாரில் அழுத்திப் பிடிப்பதைவிட, இரண்டு முனையிலும் வெள்ளிப் பசை தடவி அளப்பது நம்பகமானது. நாரின் நீளத்தையும் தடிமனையும் சேர்த்துக் குறியுங்கள். வெறும் ஓம் (மின்தடை) கணக்கை வைத்து இரண்டு நார்களை ஒப்பிட முடியாது.