ஒட்டிய மறுநாளே காற்று இறங்குகிறதா?

"நேற்றுதான் ஒட்டினேன், மறுபடியும் பஞ்சர்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பெரும்பாலும் ஒட்டில் குறை இருக்காது. சீமைக் கருவேல முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே இருக்கும்.

டயரை மாட்டும்போதே அதில் அச்சிட்ட பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். பஞ்சரானால், டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று அளந்து, டயரிலும் அதே தூரத்தில் தேடினால் போதும். டியூபை எந்தப் பக்கமாகக் கழற்றினோம் என்பது மறந்துபோகும். அதனால் வால்வின் இரு பக்கமும் பாருங்கள். உள்ளே வெறும் விரலை ஓட்டாதீர்கள், கிழித்துவிடும். பழைய பருத்தித் துணியால் தடவினால் முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். இடுக்கியால் பிடுங்கிவிடலாம்.

ஓட்டை இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது முள் இல்லை. காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பி.எஸ்.ஐ. (காற்றழுத்த) அளவைப் பார்த்துக் காற்றடியுங்கள்.

அப்புறம், ரிம் பக்கம் ஓட்டை விழுந்திருந்தால் ரிம் நாடா (ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் பட்டை) விலகி, ஸ்போக் கம்பியின் முனை குத்துகிறதா என்று பாருங்கள்.