பனெராய் லிமிடெட் எடிஷன்: முதல் வாட்ச் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஃப்ளோரன்ஸ் நகரத்துப் பனெராய், 1930-களிலிருந்து இத்தாலியக் கடற்படை முக்குளிப்பு வீரர்களுக்கு வாட்ச் கொடுத்த நிறுவனம். பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது 1993-இல்தான். கடற்படை வாட்ச் வேறு, அதன் சாயலில் பின்னாளில் வந்த லிமிடெட் எடிஷன் வேறு. புதியவர்கள் இரண்டாவதில் தொடங்குவதே நல்லது. 2002-இல் வந்த பிஏஎம் 127 என்ற லூமினோர் வகை மாடலை எடுத்துக்கொள்வோம்: வட்டம் 47 மி.மீ., செய்தது மொத்தம் 1,950 வாட்ச்.

1. மணிக்கட்டு. 47 மி.மீ. என்பது வட்டத்தின் அளவு மட்டும். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகள் அதில் சேராது. கொம்புக்குக் கொம்பு நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். அது மணிக்கட்டின் தட்டையான மேற்புற அகலத்தைத் தாண்டினால் வேண்டாம்.

2. பின்மூடி எண். ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் வருட எழுத்து: ஏ 1998, பி 1999, சி 2000, டி 2001, இ 2002. அடுத்து வரிசை எண், சாய்கோடு, மொத்த எண்ணிக்கை. 127-இல் கோட்டுக்குப் பின் 1950 இருக்க வேண்டும். உத்தரவாத அட்டையிலும் இதே எண் வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மூடியோ அட்டையோ வேறு வாட்சுடையது. போலி செய்பவர்கள் ஒரே எண்ணைப் பல வாட்சுகளில் பொறிப்பார்கள். அந்த எண்ணை இணையத்தில் தேடி, இன்னொரு விற்பனைப் படத்திலும் தென்பட்டால் விலகிவிடுங்கள். பெட்டி அழகாக இருப்பது எதற்கும் சாட்சி அல்ல.

3. ஒளிப்பூச்சு. டார்ச்சை 30 விநாடி காட்டி, இருட்டில் பாருங்கள். முள்ளும் எண்களும் ஒரே நிறத்தில் ஒளிர வேண்டும். டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசிய பழைய டயல் பளிச்சென்று ஒளிர்ந்தால் சந்தேகம்தான்: டிரிட்டியத்தின் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) ஏறக்குறைய 12 வருடம், இந்நேரம் மங்கியிருக்கும், யாரோ புதுப் பூச்சு அடித்திருக்கிறார்கள். ரேடியம் டயல் கொண்ட கடற்படை வாட்ச் கிடைத்தால் வீட்டில் திறக்கவே கூடாது. ஒளி செத்தாலும் கதிர்வீச்சு இருக்கும், பொடி மூச்சில் போகும்.

4. நெம்புகோல். லூமினோரின் அடையாளமான இந்தக் கோல், பக்கவாட்டில் சாவி கொடுக்கும் குமிழை வாஷர்மேல் அழுத்தித் தண்ணீரைத் தடுக்கிறது. மூடும்போது விரலுக்கு எதிர்ப்பு தெரிய வேண்டும். தொளதொளவென்று விழுந்தால் அழுத்தம் போதாது. சாவி கொடுக்கக் கோலைத் தூக்கிக் குமிழைத் திருகுங்கள்; இறுகியதும் நிறுத்துங்கள், மறக்காமல் மூடுங்கள்.

விலை பேசும்போது சர்வீஸ் செலவைக் கழித்துப் பேசுங்கள். வாங்கியதும், தண்ணீர் புகுமா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை முடியும்வரை கை கழுவும்போதுகூடக் கழற்றி வைப்பது உத்தமம்.