புதன்கிழமைச் செய்திக்கு வெள்ளிக்கிழமை வரை பதறாதீர்கள்

சீசன் தொடங்கிவிட்டால் அமெரிக்கக் கால்பந்துச் செய்தி முழுவதையும் படிக்க யாராலும் முடியாது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் மட்டும் 32 அணிகள். கல்லூரி ஆட்டத்தின் மேல்மட்டப் பிரிவில் 130க்கும் மேல். அதனால் எதைப் படிக்காமல் விடலாம் என்று பழகிக்கொள்வதுதான் முதல் வேலை.

காயச் செய்தியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அதிகம் பதறுவது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஆடும் அணி, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காயம் உள்ளவர்களில் யார் எந்த அளவுக்குப் பயிற்சி செய்தார்கள் என்று அறிக்கை தர வேண்டும். முழுப் பயிற்சி, பாதிப் பயிற்சி, வரவே இல்லை என்று மூன்றே வகை. உங்கள் அணியின் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) புதன்கிழமை வரவில்லையா? பெயருக்குப் பக்கத்தில் என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 'ஓய்வு' என்றிருந்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். அனுபவசாலிகளுக்கு அன்று விடுப்புக் கொடுப்பது சகஜம். தொடைத்தசை என்று போட்டு, வியாழன் பாதி, வெள்ளி முழுசு என்று ஏறிக்கொண்டே வந்தால் அநேகமாக ஆடிவிடுவார். புதன் நன்றாக ஓடியவர் வியாழன் காணாமல் போனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். பயிற்சியிலேயே ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளியன்று 'க்வெஸ்டியனபிள்' (ஆடுவது சந்தேகம்) என்று போட்டுவிட்டால், யார் ஆடவில்லை என்று ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும் பட்டியல் வரை பொறுத்திருங்கள். கோச்சிடம் கேட்டுப் பயனில்லை. "பார்க்கலாம்" என்பதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

அடுத்தது ஒப்பந்தம். தலைப்பில் இருக்கும் தொகையை மறந்துவிட்டு, அதில் எவ்வளவு 'கேரண்டி' என்று தேடுங்கள். மீதி பெரும்பாலும் அலங்காரம்தான். அணி நடுவிலேயே கழற்றிவிட்டால் அந்தப் பணம் வராது. கேரண்டி என்றால் என்ன ஆகும் என்பதற்கு 2022இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டெஷான் வாட்சனுக்குக் கொடுத்த 5 ஆண்டு ஒப்பந்தம் போதும்: 23 கோடி டாலர், முழுக்கவும் கேரண்டி. முதல் மூன்று சீசனில் அவர் ஆடியது 19 ஆட்டம். 2025இல் ஓர் அணிக்குச் சம்பள உச்சவரம்பே 27.92 கோடிதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஊர் ரசிகர்கள் ஏன் தலையில் அடித்துக்கொள்கிறார்கள் என்று புரியும்.

கல்லூரி ஆட்டக்காரர்களை என்.எஃப்.எல். அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டுக்கு முந்தைய கணிப்புகளை நான் பொழுதுபோக்காக மட்டுமே படிப்பேன். கல்லூரி குவார்ட்டர்பேக் ஷெடுர் சாண்டர்ஸ் முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று எழுதாதவர்கள் குறைவு. 2025 டிராஃப்டில் அவர் பெயர் வந்தது ஐந்தாவது சுற்றில், 144ஆவதாக.

கல்லூரிச் செய்தியை வேறு மாதிரி படிக்க வேண்டும். போன வருடத்து அணியை மனதில் வைத்துக்கொண்டு இந்த வருடத்து அணியைப் பேசவே முடியாது. 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் இடம்) வந்தது. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். குவார்ட்டர்பேக் கேம் வார்டு இன்கார்னேட் வேர்டு என்ற கல்லூரியில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் போய், மயாமியில் முடித்து, 2025 டிராஃப்டின் முதல் ஆளாக டென்னசி டைட்டன்ஸுக்குப் போனார். ஆகவே சீசனுக்கு முன் வரும் கணிப்பைத் தொடுவதற்கு முன்னால், குவார்ட்டர்பேக் யார், முன்வரிசைத் தடுப்பாளர்களில் எத்தனை பேர் பழைய ஆட்கள் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். கோச் மாறியிருந்தால் பட்டியலை முதலிலிருந்தே படியுங்கள், அவர் தன் பழைய கல்லூரியிலிருந்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்.

தரவரிசை விஷயத்தில், பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏ.பி. பட்டியல் சண்டை போட நல்லது, அவ்வளவுதான். கோப்பைக்கான கடைசிக்கட்ட ஆட்டங்களான பிளேஆஃபுக்கு யார் என்று முடிவு செய்வது தேர்வுக் குழுவின் பட்டியல். அந்தக் குழுவும் லேசுப்பட்டதல்ல. 2023இல் 13-0 என்று தோல்வியே இல்லாமல் வந்த ஃபுளோரிடா ஸ்டேட்டை, குவார்ட்டர்பேக் காயத்தைச் சொல்லி வெளியே நிறுத்தியது. அப்போது நான்கு இடம்தான். 2024இல் 12 ஆனது.

அதே 2024 நவம்பர் கடைசியில் ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகனிடம் 10-13 என்று தோற்றதும் கோச் ரையன் டேயை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஒரே கூச்சல். ஜனவரி 20ஆம் தேதி அவர்தான் நோட்ர டேமை 34-23 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். கோச்சை நீக்கப் போகிறார்கள் என்ற செய்தியை, நீக்கிய பிறகு படித்தால் போதும்.