ரிகர்வ் வில்லுக்கு லிம்ப் வாங்கும்போது

ரிகர்வ் என்பது முனைகள் முன்பக்கம் வளைந்த வில்; அதன் கைப்பிடிக்கு மேலும் கீழும் பொருத்தும் வளையும் பட்டைதான் லிம்ப். லிம்பில் எழுதியிருக்கும் பவுண்டு, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, 28 அங்குல இழுப்புக்கானது. உங்கள் இழுப்பு 26 என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 2 பவுண்டு கழியும்; 40 என்று வாங்கியது கையில் 36தான். அதற்காக முதல் வில்லிலேயே கனத்தை ஏற்றாதீர்கள், தோள் பழுதாகும்.

நாண் ஏற்றியதும் முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு லிம்பிலும் நாண் நடுக்கோட்டில் ஓட வேண்டும். ஒருபக்கம் ஒதுங்கினால் லிம்ப் முறுக்கியிருக்கலாம்.

டில்லர் (மேல், கீழ் லிம்புகளிலிருந்து நாண் விலகியிருக்கும் தூரத்தின் வித்தியாசம்): ஒவ்வொரு லிம்பும் கைப்பிடியில் சேரும் இடத்திலிருந்து நாண்வரை அளக்கவும். அம்புக்கு மேலே ஒரு விரல் வைப்பவருக்கு மேல் லிம்பின் அளவு கீழதைவிட 3 முதல் 6 மி.மீ. கூடுதல், மூன்று விரலும் கீழே என்றால் சமம்.

எய்ததும் வில் அதிர்ந்து சத்தம் போடுகிறதா? நாணைக் கழற்றி, அது சற்றுக் குறுகும்படி நாலைந்து முறுக்கு மட்டும் ஏற்றி மறுபடி எய்யுங்கள். ஒரேயடியாக இருபது ஏற்றினால் எந்த இடத்தில் அடங்கியது என்றே தெரியாது.