கலோரி எண்ணாமல் நிறையைக் குறைக்க: எங்கள் வன்னி வீடுகளில் நாம் விடும் பிழைகள்

கலோரிக் கணக்கு எங்கள் வீடுகளுக்குச் சரிவராது. ஒரு சட்டிக் கத்தரிக்காய்க் கறியை ஆறு பேர் சாப்பிடுகிறோம். அதில் விட்ட எண்ணெயிலும் பிழிந்த தேங்காய்ப்பாலிலும் யாருடைய கோப்பைக்கு (சாப்பாட்டுத் தட்டுக்கு) எவ்வளவு போனது என்று யார் சொல்வது? நானும் கைபேசியில் மூன்று வாரம் எழுதிப் பார்த்தேன். புட்டுக்கு ஒரு கணக்கு, சொதிக்கு ஒரு கணக்கு என்று தேடியே களைத்துப்போனேன். கணக்கை விட்டுவிட்டு, எங்கே பிழை விடுகிறோம் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் என் நிறை மெல்ல இறங்கியது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை சோற்றில்தான். எங்கள் ஐயாவின் காலத்தில் பெரும்போகம் என்றால் உழவு, விதைப்பு, களை, அருவி வெட்டு, சூடடிப்பு என்று உடம்பு முறிய வேலை. அந்த வயிற்றுக்குக் குவித்த சோறு தேவைப்பட்டது. இப்போது வெட்டுவதும் அடிப்பதும் மெசின். வயலுக்குப் போவதே மோட்டார் சைக்கிளில். நான் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை செய்கிறவள். ஆனால் கோப்பையில் விழுந்த சோறு மட்டும் ஐயாவின் அளவிலேயே இருந்தது.

சோற்றை விட்டால்தான் மெலியலாம் என்று சிலர் ஒரேயடியாக நிறுத்துகிறார்கள். அது இரண்டாவது பிழை. பத்து நாளில் ஆசை பொங்கி, பழைய அளவுக்கு மேல் சாப்பிட வைக்கும். நான் செய்தது வேறு. முதலில் கோப்பையின் பாதிக்குக் கீரையும் மரக்கறியும்: முருங்கையிலை, வல்லாரை, பூசணி, பயிற்றங்காய், எது இருக்கிறதோ அது. அப்புறம் கால்வாசிக்கு மீன், முட்டை அல்லது பருப்பு. இரணைமடுக் குளத்தில் பிடித்த ஜப்பான் மீன் (திலாப்பியா) கிடைத்தால் வேறு என்ன வேண்டும். மிச்ச இடத்தில்தான் சோறு. போடுகிற ஒழுங்கை மாற்றினாலே போதும், சோறு தானாகக் குறையும். ஆறுதலாகச் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்தது மூளைக்கு எட்ட இருபது நிமிடம் வரை ஆகும்.

அடுத்ததை எழுதும்போது மனம் கனக்கிறது. எங்கள் வீடுகளில் சோற்றை மிச்சம் விடுவதில்லை. 2009இல், போரின் கடைசி மாதங்களில், ஒரு பேணிக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அம்மா இன்றைக்கும் பிள்ளைகளின் கோப்பையில் மிஞ்சியதை வழித்துத் தன் வாயில் போடுவா. "ஒரு பருக்கையும் எறியக்கூடாது பிள்ளை" என்பா. அவவை நான் எப்படிக் குறை சொல்வது? ஆனால் வயிறு நிறைந்த பிறகும் மிச்சத்தைத் தின்பதால் அந்தப் பசி ஆறப்போவதில்லை, அம்மாவின் சீனி வருத்தம்தான் (நீரிழிவு) கூடும். இப்போது பிள்ளைகளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுகிறோம். பானையில் மிஞ்சியதற்கு இரவே தண்ணீர் ஊற்றிவிடுவோம். காலையில் அது பழஞ்சோறு. சோறு வீணாகவும் இல்லை, அம்மாவுக்கு மனக்குறையும் இல்லை.

இனித் தேத்தண்ணி. "நான் சோறே கொஞ்சம்தான்" என்பவரிடம் எத்தனை பிளேன்டீ என்று கேட்டுப் பாருங்கள். விடிய ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாப்பிட்டு ஒன்று, பின்னேரம் ஒன்று, யாராவது வந்தால் இன்னொன்று. தலைதட்டிய தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் சீனி. ஒரு தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி என்றால் நாளுக்கு 40 கிராம், மாதத்துக்கு 1.2 கிலோ. சேர்க்கும் சீனியை நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஒரே நாளில் நிறுத்தினால் நாக்கு ஒத்துக்கொள்ளாது. வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்தால் நிறை ஏறாது என்று நம்பாதீர்கள். பனங்கட்டியும் இனிப்புத்தான்.

குரக்கன் புட்டு, சிவப்பரிசிச் சோறு இரண்டும் நல்லவை. நார்ச்சத்து கூட, பசி தாங்கும். ஆனால் நல்ல சாப்பாடு என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட்டால், தேங்காய்ப்பூவும் சீனியும் அள்ளிப் போட்டால், பலன் இல்லை. காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டு மத்தியானம் மலைபோலக் குவிப்பதும் அப்படித்தான். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் கலியாண வீட்டுக்கும் போனால் மனம் நிறையச் சாப்பிடுங்கள். நிறை ஏறுவது வருடத்தில் வரும் அந்தப் பத்து நாளால் அல்ல.

நடப்பவர்கள் விடும் பிழை ஒன்று உண்டு. குளக்கட்டில் அரை மணித்தியாலம் நடந்துவிட்டு, வரும் வழியில் ஒரு ரோல்ஸும் ஒரு சோடாவும். நடந்து செலவழித்த சக்திக்கு மேலாகவே உள்ளே போய்விடும். இருந்தாலும் நடையை விடாதீர்கள். இதயத்துக்கும் சீனிக்கும் நித்திரைக்கும் அது மருந்து. வெயிலுக்கு முன் நடந்தால் நல்லது. யானை நடமாட்டம் உள்ள பக்கங்களில் நன்றாக விடிந்த பிறகு போங்கள்.

தினமும் தராசில் ஏறி மனம் நோகாதீர்கள். முதல் நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டாலே உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்து ஒரு கிலோ கூடக் காட்டும். தையல் நாடாவே போதும். ஞாயிறு விடிய, சாப்பிடுவதற்கு முன், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்டு அளவெடுங்கள். பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை. தென்னாசிய உடம்பில் வயிற்றுக் கொழுப்பு மற்றவர்களை விடக் குறைந்த நிறையிலேயே சீனி வருத்தத்தைக் கொண்டுவரும்.

சீனிக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் சோற்றைச் சட்டென்று குறைக்கக்கூடாது. சீனி இறங்கி மயக்கம் வரலாம். பிள்ளைத்தாச்சிகளும் பாலூட்டும் தாய்மாரும் மெலிய முயல வேண்டாம். எதையும் மாற்றாமலே நிறை இறங்கினால் அதை நல்ல செய்தியாக எடுக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

எங்கள் நாடா குசினிக் கதவுக்குப் பின்னால், கலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. ஞாயிறு தவறாமல் அம்மாதான் முதலில் எடுப்பா.