டைகர் பார்ப்: பத்தாக வாங்குங்கள், நல்ல தண்ணியில் விடுங்கள்

டைகர் பார்ப் பொல்லாத மீன், மற்ற மீன்களின் வாலைக் கடிக்கும், வேண்டவே வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் எத்தனை விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ரெண்டு, இல்லையென்றால் மூணு என்பார்கள். கடைக்குப் போய் "ஏனுங்ணா, ஒரு ஜோடி குடுங்க" என்று வாங்கி வந்து, ஏற்கெனவே கப்பியும் ஏஞ்சலும் இருக்கிற தொட்டியில் விட்டிருப்பார்கள். ஒரு வாரத்தில் ஏஞ்சலின் நீளத் துடுப்பு கிழிந்து தொங்கும், பழி முழுக்க பார்ப் மேல் விழும்.

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மீனின் பூர்வீகம் சுமத்ரா, போர்னியோ பக்கத்து ஓடைகள். அங்கே கூட்டமாகத்தான் திரியும், கூட்டத்துக்குள்ளேயே யார் பெரியவன் என்று நாள் முழுக்க முட்டிக்கொண்டும் துரத்திக்கொண்டும் இருக்கும். எட்டு பத்து மீன் இருந்தால் அந்தத் துரத்தல் தங்களுக்குள்ளேயே பங்கு போட்டுத் தீர்ந்துவிடும், ஒருவருக்கும் பெரிய காயம் ஆகாது. ரெண்டு மூணு மட்டும் இருந்தால் பலவீனமான ஒன்று ஓயாமல் அடிவாங்கிச் சாகும், அல்லது எல்லாம் சேர்ந்து பக்கத்து மீனைப் பிடித்துக்கொள்ளும். அதனால் குறைந்தது எட்டு, முடிந்தால் பத்துப் பன்னிரண்டு. ஒரே நாளில் சேர்த்து வாங்குவது நல்லது. பச்சை டைகர், அல்பினோ டைகர் எல்லாம் இதே இனம்தான், கலந்து விட்டாலும் ஒரே கூட்டமாக நீந்தும்.

இத்தனை மீனுக்கு ரெண்டடித் தொட்டி போதாதுங்க. வளர்ந்தால் ஒவ்வொன்றும் 6, 7 செ.மீ. வரும், வேகமாக நீந்துகிற மீன், உயரத்தைவிட நீளம்தான் அதற்கு வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்றால் 130 லிட்டருக்கு மேல் பிடிக்கும், பத்துப் பன்னிரண்டு மீனுக்குத் தாராளம். இரண்டரை அடித் தொட்டியில் எட்டு வைக்கலாம். தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்தால் மூன்றடித் தொட்டி 150 கிலோவைத் தாண்டிவிடும், டிவி ஸ்டாண்டின் மேல் வைக்கிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். துள்ளுகிற மீன் என்பதால் மூடி கட்டாயம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நம்ம பக்கம் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். உப்பு குறைந்த, மென்மையான தண்ணீர், இந்த மீனின் ஓடைத் தண்ணீருக்கு ரொம்பக் கிட்ட வரும். ஆனால் குழாயில் குளோரின் இருக்கும், நேரே ஊற்றினால் செவுள் வெந்துவிடும். ஆன்டி குளோரின் சொட்டு விட்டு ஊற்றுங்கள், அல்லது ஒரு டிரம்மில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் கழித்து எடுங்கள். மென்தண்ணீரில் இன்னொரு சங்கதியும் உண்டு, நாளாக ஆக அமிலத்தன்மை ஏறி பிஎச் இறங்கும். வாரம் தவறாமல் கால்பங்குத் தண்ணீர் மாற்றினால் அது பிரச்சினையே இல்லை.

பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கம் நிறைய வீட்டில் புழங்குவதற்கு போர் தண்ணிதான். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1000-ஐத் தாண்டுகிற இடங்களும் இருக்கின்றன. கடையில் வருகிற டைகர் பார்ப் பண்ணையில் பொரித்தவை, ஓரளவு கடினத் தண்ணீரைத் தாங்கும், ஆனால் அவ்வளவு உப்புக்கு இழுக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் வருகிற நல்ல தண்ணியில் கொஞ்சம் மீனுக்கு ஒதுக்குங்கள், இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர் கலங்கள். 1200 காட்டுகிற போர் தண்ணி ஒரு குடம், 50 காட்டுகிற ஆர்ஓ தண்ணீர் மூணு குடம் என்று கலந்தால் ஏறக்குறைய 340-க்கு வந்துவிடும், அது போதும். ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வெளியே போகிற தண்ணீரை வீணாகிறதே என்று தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. உப்புப் போட்டு ஓட்டுகிற சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் மீனை முதல் நாளே விடக்கூடாது. மீன் கழிவில் அம்மோனியா வரும், அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். வெறும் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடுங்கள். நன்றாக ஓடுகிற, நோயில்லாத தொட்டி வைத்திருக்கிற நண்பர் இருந்தால் அவருடைய ஃபில்டரைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்றுங்கள், காத்திருக்கிற வாரங்களில் பாதி மிச்சம். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, அப்புறம் ரெண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். பின்னாளில் ஸ்பாஞ்சைக் கழுவும்போதும் குழாயடியில் காட்டாமல் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குளோரின் பட்டால் அத்தனை பாக்டீரியாவும் போய்விடும்.

கடையில் அவசரப்படாமல் சித்த நேரம் நின்று பாருங்கள். சாதா டைகர் என்றால் கண் மேல் ஒன்று, முதுகுத் துடுப்புக்கு முன்னால் ஒன்று, அடித்துடுப்புக்கு மேலே ஒன்று, வால் தொடங்குகிற இடத்தில் ஒன்று என்று நாலு கறுப்புப் பட்டையும் அழுத்தமாகத் தெரிய வேண்டும். துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்பது, வயிறு உள்வாங்கியது, உடம்பில் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி இருப்பது, இதில் ஒரே ஒரு மீன் அந்தத் தொட்டியில் இருந்தாலும் அன்றைக்கு வாங்காமல் வந்துவிடுங்கள். தலையைக் கீழே சாய்த்து நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஓய்வில் இவை அப்படி நிற்பது வழக்கம். சித்திரை வைகாசியில் வாங்கினால் சாயங்காலம் வாங்குங்கள், வண்டியில் வெயிலில் தொங்கவிட்ட கவரில் மீன் தாங்காது. வீட்டுக்கு வந்ததும் கவரைக் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவரில் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்.

சூடு 22-லிருந்து 26 டிகிரி இருந்தால் போதும். மார்கழி, தை இரவுகளுக்கு ஒரு ஹீட்டர் வைத்துவிடலாம். கோடையில் மூடியைக் கழற்றி வலை போட்டு, மேலே சின்ன ஃபேன் ஓட்டினால் ரெண்டு மூணு டிகிரி இறங்கும். மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து வருகிற கொதிதண்ணீரில் தண்ணீர் மாற்றாதீர்கள், விடிகாலையில் மாற்றுங்கள்.

துணைக்கு ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப், தரையில் திரிகிற கோரிடோரஸ் எல்லாம் ஒத்துப்போகும். கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல், கௌராமி, கோல்டு ஃபிஷ் வேண்டாம், கூட்டம் பெரிதாக இருந்தாலும் நீளத் துடுப்பு ஆட்டம் காட்டினால் ஒன்றிரண்டு கடித்துப் பார்க்கத்தான் செய்யும். கிளவுன் லோச்சை இதனோடு சேர்த்து விற்பார்கள். குணத்துக்கு ஒத்துவரும், ஆனால் அது ஓரடி வரை வளர்கிற மீன்.

தீனி காலையும் மாலையும், ரெண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு. எவ்வளவு போட்டாலும் தின்னும், அதை நம்பிப் போடாதீர்கள். வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி, வெந்த பாலக்கீரை வாரம் ஒருமுறை, உறைந்த ரத்தப்புழு எப்போதாவது. நன்றாகத் தேறிய ஆணின் மூக்கு நல்ல சிவப்பாகும், தீனி நேரத்தில் ரெண்டு ஆண்கள் மூக்கோடு மூக்கு வைத்து அப்படியே சுழன்று தள்ளுவதைப் பார்க்கவே என் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டிருக்கிறேன். பெண் கொஞ்சம் உருண்டு திரண்டு, வெளிர் நிறத்தில் இருக்கும். முட்டையிட்டால் தாயும் தகப்பனும் உடனே தின்றுவிடும். குஞ்சு வேண்டுமென்றால் கோலிக்குண்டு பரப்பிய தனித் தொட்டியில் விட்டு, முட்டையிட்டதும் பெரிய மீன்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

மாதாமாதம் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்துவார்களே, அன்றைக்குக் காலையில் தீனி போடாதீர்கள். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், அதில் ஸ்பாஞ்ச் ஃபில்டரை மாட்டிவிட்டால் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்தே பிழைக்கும். தொட்டிக்கு வெளியே வைக்கிற, டப்பா போல மூடிய கேனிஸ்டர் ஃபில்டராக இருந்தால், பல மணி நேரம் நின்ற பிறகு கரண்ட் வந்தவுடன் போட்டுவிடாமல், உள்ளே தேங்கிக் கெட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் ஓடவிடுங்கள்.